பெண்கடலும் ஆண்கடலும்: ஒரு மணல்திட்டின் இரு பக்கங்கள்

பாக் நீரிணைப் பக்கத்துக் கடலும் மன்னார் வளைகுடாவும் அடுத்தடுத்து இருக்கின்றன. இடையே கிடப்பது நீரில் பாதி அமிழ்ந்த மணல்திட்டுகளின் வரிசை மட்டுமே. அப்படியிருக்க, ஒரு பக்கம் கடற்புல்லும் இறாலும் நண்டும், மறுபக்கம் பவளமும் முத்தும் சங்கும் என்று வளம் பிரிந்து கிடப்பது ஏன் என்பது கேள்வி. ஒற்றைச் சொல்லில் விடை வேண்டுமானால், ஆழம். காற்றும் வண்டலும் அதனோடு சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் இந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் கடல் புரியாது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர்களில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். வடகிழக்கே கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட வாயில்தான் பாக் நீரிணை. வங்காள விரிகுடாவின் நீர் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அதற்குத் தெற்கே தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் கரைகளுக்கும் யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார் கரைகளுக்கும் நடுவில் கிண்ணம்போல் கிடப்பது பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் இரண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பாம்பன் தீவு, அதன் நுனியிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் இராமர் பாலத் திட்டுகள், மன்னார்த் தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு வேலிபோல நிற்க, வேலிக்குத் தெற்கே இந்துமாக்கடலை நோக்கி விரிவது மன்னார் வளைகுடா. இராமேசுவரம் பக்கத்து மக்களுக்கு இந்த நீண்ட பெயர்களெல்லாம் தேவைப்படவில்லை. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் நிற்பவருக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை: இடது பக்கம் குளம்போல் அசைந்துகொண்டிருக்கும் நீர், வலது பக்கம் கரையை அறைந்துகொண்டிருக்கும் அலை, இரண்டும் சில அடி தொலைவில். வாடைக்காலத்தில் மட்டும் இந்த வருணனை தலைகீழாகிவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி ஐந்து, ஆறு பாகத்துக்குள் அடங்கிவிடும். ஆழமான இடங்களிலும் 15 மீட்டரைத் தாண்டுவது அரிது. அதாவது நான்கைந்து மாடிக் கட்டடம் ஒன்றை அதன் நடுவில் நிறுத்தினால் மொட்டைமாடி வெளியே தெரியும். மன்னார் வளைகுடாவோ கரையோரத்தில் தீவுகளும் பாறைகளும் கொண்ட ஆழமற்ற படுகையாகத் தொடங்கி, கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தளத்தின், விளிம்பைத் தாண்டியதும் ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள திட்டுகளின் மேல் பல இடங்களில் ஒரு பாகம் தண்ணீர்கூட இல்லை.

இந்த வேலி எப்படி வந்தது என்பதற்குக் கடல்மட்டத்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று பாக் விரிகுடா என்று ஒன்று இல்லை. இன்று விசைப்படகு ஓடும் இடத்தில் காடும் ஆற்றுவழிகளும் கொண்ட சமவெளிதான் இருந்திருக்க முடியும். இலங்கை அப்போது தீவு அல்ல. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தச் சமவெளி மெல்ல முழுகியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கிய காலத்தில் இன்றைய கரைகள் உருவம் பெறத் தொடங்கின. திட்டுகள் இருக்கும் வரியில் அடியில் சுண்ணாம்புப் பாறை மேடு; அதன்மேல் பவளமும் மணற்பாறையும்; அவற்றின்மேல் இரு பக்கத்து நீரோட்டங்களும் கொண்டுவந்து குவித்த மணல். அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு இது தொடர்கிறது. இந்தத் திட்டுகள் நிலையாக நிற்பவையும் அல்ல. ஒரு பருவத்தில் தலைகாட்டும் மணல்மேடு அடுத்த பருவத்தில் இடம் மாறியிருக்கும். பாலத்தின் நம்பிக்கை சார்ந்த பொருள் வேறு, அதன் புவியியல் வேறு. இங்கே நான் பேசுவது இரண்டாவதை மட்டுமே.

காற்று இந்த ஊர்களின் நாட்காட்டி. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சோழகம் வீசும். அப்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் காற்று திரும்பி வாடை பிடித்ததும் நிலை மாறும். பாக் விரிகுடா சேறாகிக் கலங்கும், மன்னார்ப் பக்கம் ஓரளவு தெளியும். ஒரு கடல் மறுக்கும்போது மறு கடல் கொடுக்கும் என்பதால், மண்டபத்திலும் பாம்பனிலும் படகுகளைப் பருவத்துக்கு ஏற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரே ஊருக்கு இரண்டு கடல் வாய்த்திருப்பது அரிய வசதி. நீரோட்டமும் காற்றோடு சேர்ந்தே திரும்புகிறது: வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் பாம்பன் வாய்க்கால் வழியாகவும் திட்டுகளின் இடுக்குகள் வழியாகவும் தெற்கே இறங்கும், சோழகக் காலத்தில் தெற்கு நீர் வடக்கே ஏறும். ஏற்ற வற்றம் இங்கே ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை; ஆகவே இந்தக் கடலில் நீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்றுதான்.

அமைதியான கடல் என்று பெண்கடலை நம்பிவிடக் கூடாது. ஆழமற்ற நீர் சாதாரண நாளில் அலையைத் தணிக்கும். புயல் நாளில் அதே ஆழமின்மைதான் ஆபத்து. காற்று தள்ளிக்கொண்டு வரும் நீருக்குக் கீழே இறங்க இடமில்லாமல் அது மேலே எழும்பும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் நடந்தது இதுதான்: கடல் நீர் ஊருக்குள் ஏறியது, பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டியே பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. ஊர் திரும்பக் கட்டப்படவில்லை.

இனி வளத்துக்கு வருகிறேன். பாக் விரிகுடாவின் அடி பெரும்பாலும் சேறும் நுண்மணலும். காவிரிக் கழிமுகத்தின் தெற்குக் கிளைகளும் வெள்ளாறும் வைகையும் இலங்கைப் பக்கத்துச் சிற்றாறுகளும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வேர் ஊன்ற மெத்தென்ற தரை, மேலே அடிக்காத அலை, அடிவரை இறங்கும் வெயில் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததால் இங்கே கடற்புல் பல ஆயிரம் எக்டேருக்குப் படர்ந்திருக்கிறது. கடற்புல் பாசி அல்ல. அது வேரும் தண்டும் பூவும் உள்ள தாவரம், நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போனது. அதன் இலைகளுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. காரல், கணவாய், திருக்கை என்று வலையில் ஏறும் பலவும் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் புல்வெளியின் கடனாளிகள்.

அந்தப் புல்லையே நேரடியாக மேய்வது ஆவுளியா எனப்படும் கடல்பசு. மூன்று மீட்டர் நீளமும் சில நூறு கிலோ எடையும் கொண்ட இந்தப் பாலூட்டி நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்னும். மூச்சுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கு வலையில் சிக்கி ஆண்டுக்குச் சில இறந்தாலே கூட்டம் தேய்ந்துவிடும். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அதுவே.

இந்தப் புல்வெளிக்கு முக்கியமான எதிரி அடியை வாரும் இழுவைமடி. 1960களுக்குப் பின் இழுவைப் படகுகள் பெருகின. ஐந்தாறு பாகக் கடலில் அடியை உழுதுகொண்டு போகும் மடி இறாலை மட்டுமா அள்ளும்? குஞ்சும் சிப்பியும் புல்வேரும் சேர்ந்தே மேலே வரும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதைக் கட்டுப்படுத்த வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று கடல் பங்கிடப்பட்டிருக்கிறது; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் உண்டு. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தின் மூலம் முற்றிலும் தடை செய்தது. 1974இல் பாக் விரிகுடாவிலும் 1976இல் மன்னார் வளைகுடாவிலும் இரு நாடுகளும் எல்லைக்கோடு வரைந்துகொண்டன. அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுபவர்கள் மீன் ஏன் கோட்டுக்கு அப்பால் கூடுதலாக இருக்கிறது என்று கேட்பதில்லை. விடையின் பெரும்பகுதி இந்தப் பக்கத்துக் கடலடியில் கிடக்கிறது என்பது என் கருத்து.

கடலட்டையும் இந்தச் சேற்றின் பிள்ளைதான். மணலை விழுங்கி அதிலுள்ள கரிமப் பொருளை உண்டு மிச்சத்தை வெளியே தள்ளும் இது, கடலடியின் மண்புழு என்று சொல்லத்தக்கது. இந்தியாவில் 2001 முதல் பிடிக்கத் தடை; பாக் கடலின் மறுகரையில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் உரிமம் பெற்ற பண்ணைகளில் வளர்க்கிறார்கள். ஒரே கடலின் இரு கரைகளில் ஒரே உயிர், ஒரு கரையில் குற்றப்பொருள், மறு கரையில் ஏற்றுமதிச் சரக்கு.

வேலிக்குத் தெற்கே போனால் தரை மாறுகிறது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சங்கிலிபோல் 21 தீவுகள்: குருசடை, மனோலி, முயல்தீவு, முல்லி, தலையாரி, அப்பா, நல்லதண்ணீர், காரைச்சல்லி, வான்தீவு என்று பெயர்களே ஒரு பட்டியல். எல்லாம் பவளச் சிதைவும் மணலும் குவிந்து உருவானவை, சுற்றிலும் பவளப்பார்கள், அதாவது பவளப் பாறைத் திட்டுகள். பவளப்பூச்சிக்குத் தெளிந்த நீரும் ஓட்டமும் கெட்டியான அடித்தரையும் வேண்டும். சேறு மேலே படிந்தால் அது மூச்சுத் திணறிச் சாகும். இந்த நிலை தெற்கே பரவலாகக் கிடைக்கிறது, வடக்கே சில இடங்களில் மட்டுமே. இங்கு 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன. 1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது.

ஆனால் 21 தீவு என்பது பழைய கணக்கு. பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததன் விலை அது: முன்னே நின்று அலையை வாங்கிக்கொண்டிருந்த பார் போனதும் பின்னே இருந்த மணல்தீவு கரைந்தது. 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் வெட்டு நின்றது. சுருங்கிக்கொண்டே வந்த வான்தீவுக்கு முன்னால் செயற்கைப் பார்களை இறக்கி அதைக் காக்க முயன்றிருக்கிறார்கள். வெட்டு நின்றாலும் வெப்பம் நிற்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது.

பார் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் வழங்குகிறது. பவளப்பார் கரையருகே; முத்துப்பார் கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ ஆறு முதல் பன்னிரண்டு பாக ஆழத்தில் கிடக்கும் தட்டைப் பாறைகள். கொற்கை முத்து என்று பாண்டியர் புகழ் பாடப்பட்டதெல்லாம் இந்தப் பாறைகளின் மேல் ஒட்டி வளர்ந்த சிப்பியால்தான். அதைக் குளித்தெடுக்கும் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். சலாபம் ஆண்டுதோறும் நடந்ததில்லை. சிப்பி நான்கைந்து வயதை எட்டினால்தான் முத்துக்கு மதிப்பு, அதற்குள் அது பாறையிலேயே இருந்தாக வேண்டும்.

குளிப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. குளிகாரர் காலில் கயிறு கட்டிய கல்லை மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்து இறங்குவார். கல் அவரை நேரே அடிக்குக் கொண்டு சேர்க்கும். காலை விடுவித்ததும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கை எட்டிய சிப்பியை எல்லாம் கூடையில் வாரிக் கயிற்றை அசைக்க வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி இல்லாமல் குளிகாரர்கள் படகு ஏற மறுத்த காலமும் உண்டு. அதனால் அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கரையில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தச் சகதியைக் கழுவிக் கழுவித்தான் முத்தைப் பிரித்தார்கள். இலங்கைப் பக்கத்துச் சலாபத்தில் பிற்காலத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு.

1905இல் மன்னார்க் கரையின் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பி எடுக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் மயங்கி ஒரு தனியார் நிறுவனம் மறு ஆண்டே பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தது. பார்கள் வெறுமையாகி நிறுவனம் நொடித்தது. அளவுக்கு மீறி எடுத்ததும் காரணம், ஆனால் அதுமட்டும் அல்ல. சிப்பிக் குஞ்சு பிறந்து சில வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பிறகே ஒட்டுவதற்குத் தரை தேடுகிறது. அன்றைய ஓட்டம் அதை மணலுக்குக் கொண்டுபோனால் அந்தத் தலைமுறையே அழியும். ஒட்டியதையும் பருவக்காற்று புரட்டும் மணல் மூடலாம், திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் தின்னலாம். தூத்துக்குடிப் பக்கத்தில் 1955இல் தொடங்கிய சலாப வரிசை 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. அது ஆய்வின் வெற்றி, பார்களின் மீட்சி அல்ல.

முத்துப்பார்களுக்கு இடையே உள்ள மணல்வெளிகளில் சங்கு. சங்கு ஊனுண்ணி, மணலில் செறிந்து வாழும் புழுக்களே அதன் இரை, ஆகவே புழு நிறைந்த மணல் எங்கோ அங்கே சங்கு. முத்தைவிட நம்பத்தக்க வருமானம் எப்போதும் சங்குதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் இந்தக் கடலின் சங்கை அறுத்துச் செய்தது. எடுத்த சங்கை உலோக வளையத்துக்குள் விட்டுப் பார்த்து, நுழைந்துவிடும் சிறியதைக் கடலிலேயே திரும்பப் போடும் முறை இருந்தது. மீன்வளப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழாத காலத்திலேயே இது நடந்திருக்கிறது. சாதாரணச் சங்கு இடம்புரி. லட்சக்கணக்கில் ஒன்று எதிர்த்திசையில் சுழன்று வலம்புரியாகப் பிறக்கும். அது பிறப்புப் பிழைதான், ஆனால் மிக விலையுயர்ந்த பிழை.

ஆழம் குறைந்த பார்களின் மேல் இன்னொரு தொழில் இருக்கிறது. இராமநாதபுரம் கரைப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, இடுப்பில் பையோடு மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். பார் கத்திபோல் கீறும், துணி அதற்குத்தான். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தயாரிக்கப் போகும். கட்டக்கோரை வேறு வகைப் பசைப்பொருளுக்கு. பூங்கா அறிவிப்புக்குப் பின் தீவுகளை நெருங்குவது குற்றமானதால் இவர்கள் தலைமுறையாகச் செய்த வேலை பாதி களவாகிவிட்டது. தாங்களாகவே பறிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டும் வருகிறார்கள். மாற்றாக வந்தது மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி வளர்ப்பு. 45 நாளில் அறுவடை. பிலிப்பீன்சு வழியாக வந்த அந்தப் பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடியதும் பதிவாகியிருக்கிறது. பிழைப்பும் பவளமும் மோதும் இடத்தில் எளிய தீர்ப்பு எதுவும் என்னிடம் இல்லை.

கடலைப் போலவே கரையும் காற்றின் கைவேலை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை மறுபக்கத்திலேயே பெய்வித்துவிடுகிறது. மலையைத் தாண்டி வருவது காய்ந்த காற்று. தூத்துக்குடிக்கு ஆண்டில் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில். உழவருக்குச் சாபமான இந்த வறட்சி உப்பளத்துக்கு வரம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால் அதன் முதுகெலும்பு தூத்துக்குடி. வடக்கே வேதாரண்யத்திலும் அக்கரையில் ஆனையிறவிலும் புத்தளத்திலும் இதே வெயில், இதே தொழில்.

கடல்நீர் உப்பாவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நீரின் அடர்த்தியை அளக்கும் உப்பள அளவுகோலில் கடல்நீர் மூன்று பாகை அளவில் இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கும்போது பதின்மூன்று பாகையைத் தாண்டியதும் முதலில் படிவது ஜிப்சம், உப்பு அல்ல. இருபத்தைந்தை எட்டினால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். ஆகவே அதற்குமுன் மிச்சநீரை வடித்துவிட வேண்டும். மிதித்து இறுக்கிய பாத்தித் தரையிலிருந்து நீண்ட கைப்பிடிப் பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்து அம்பாரமாகக் குவிப்பார்கள். மேலே வெயில், கீழே கண்ணைக் கூசும் வெண்மை, காலில் வெடிப்பு. உப்பளத் தொழிலாளியின் உடல்நிலையை அறிந்தவர்களுக்கு இந்த வளத்தின் கணக்கு வேறாகத் தெரியும். இந்தக் கரையின் காற்றும் இப்போது விளைபொருளாகிவிட்டது: மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட் திறனோடு சுழல்கிறது. வலசை வரும் பறவைகளின் வழியும் அதுவே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நன்னீரைப் பற்றி ஒரு பத்தி. யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ முழுவதும் சுண்ணாம்புப் பாறை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. பெய்த மழை பாறை வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் கண்ணாடி வில்லைபோல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. கணக்கைத் திருப்பிப் படித்தால் அபாயம் விளங்கும்: இயந்திரம் வைத்து ஒரு மீட்டரை இறைத்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறத் தயாராகிறது. அடிகாண முடியாதது என்று சொல்லப்படும் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இந்த வில்லையின் வெட்டுமுகம்தான். துலா என்னும் ஏற்றத்தை மிதித்து இறைத்த காலத்தில் வில்லை தேயவில்லை.

இன்னும் கீழே, கடலடிப் படிவுகளுக்குள், எரிவாயு. காவிரிப் படுகையின் தெற்கு நீட்சியான இராமநாதபுரத்தில் கிடைக்கும் வாயுவில் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது. இலங்கைப் பக்கத்து மன்னார்ப் படுகையில் 2011இல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது. 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட நீருக்கு அடியில் என்பதால் எடுக்கும் செலவு கட்டுப்படியாகாமல் கண்டறிந்த நிறுவனம் விலகிச் சென்றது. முத்து முதல் வாயு வரை, எந்த வளமும் இங்கே தன் ஆழத்தை விட்டு நகர்வதில்லை.

கப்பல் வழியும் அப்படித்தான். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக்கு வரும் கப்பல் இலங்கையைச் சுற்றி வருவதற்கு ஆழமின்மையைத் தவிர வேறு காரணம் இல்லை. திட்டுகளை வெட்டிக் கால்வாய் அமைக்கும் யோசனை 1860 முதல் இருக்கிறது. 2005 ஜூலை 2இல் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் 300 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்ட வழியைத் தோண்ட முனைந்து பாதியில் நின்றது. நம்பிக்கை சார்ந்த எதிர்ப்பே அதிகம் பேசப்பட்டாலும், மணல் சார்ந்த எதிர்ப்பு அதைவிடக் கடினமானது. வாடைக்காலம்தோறும் கிழக்குக் கரையோரமாக நகரும் மணலும் சேறும் பாக் நீரிணை வாயிலில் நுழைந்து, அலை அடங்கிய கிண்ணத்துக்குள் படிந்துவிடுகின்றன. வெளியே போவது குறைவு. தோண்டிய பள்ளம் அந்த வண்டலுக்கு முதல் தொட்டியாகும், ஆண்டுதோறும் திரும்பத் தூர்வார வேண்டியிருக்கும். பாக் விரிகுடா நிரம்பிக்கொண்டிருக்கும் கடல் என்பதை நேரில் காண விரும்புபவர் புதுக்கோட்டைக் கரையில் மணல்மேல்குடிக்குப் போகலாம். அங்கே கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மணல்நாக்கு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.